'சரிங்க டீச்சர்': ஊரடங்குக் காலத்தில் ஒரு விசைத்தறி ஊர்ப் பள்ளி

2020 மார்ச் முதல் 2021 ஜூலை வரை, நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக்கரையை ஒட்டிய விசைத்தறிப் பகுதியில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். நான் அங்கே அறிவியல் ஆசிரியை. பிள்ளைகளின் அடையாளம் தெரியக்கூடாது என்பதால் ஊர்ப்பெயரையும் சில குடும்ப விவரங்களையும் விட்டிருக்கிறேன். எங்களுக்குக் கைகூடியதும் இதில் இருக்கிறது, தவறிப்போனதும் இருக்கிறது. தவறிப்போனதில் ஒன்று ஒரு பிள்ளையின் படிப்பையே நிறுத்திவிட்டது. அதனால்தான் இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

பின்னணி

6 முதல் 10-ஆம் வகுப்பு வரை 200 பேருக்குச் சற்று மேல் பிள்ளைகள். தலைமை ஆசிரியையோடு சேர்த்து நாங்கள் 10 பேர். பிள்ளைகளின் அப்பா, அம்மா இருவருமே பெரும்பாலும் தறி ஓட்டுகிறவர்கள். 12 மணி நேர ஷிப்ட், ஒருவருக்குப் பகல் என்றால் இன்னொருவருக்கு இரவு. வாரக் கூலி. வேலைக்குச் சேரும்போதே பட்டறை முதலாளியிடம் முன்பணம் வாங்குவது இந்தப் பகுதியில் வழக்கம். அந்தப் பணம் கழியும்வரை வேறு பட்டறைக்கு மாற முடியாது. கழிவதும் எளிதில் நடப்பதில்லை. பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைகள் தார் போட, அதாவது தறிக்கான சிறு குழல்களில் நூல் சுற்ற, உட்காருவார்கள். பள்ளி நடந்துகொண்டிருந்தவரை அந்த வேலை மாலையில் ஒன்றிரண்டு மணி நேரத்தோடு நின்றது. பள்ளி என்பது இங்கே பாடம் நடக்கும் இடம் மட்டுமில்லை. பகல் முழுக்கப் பிள்ளையைத் தறியிடமிருந்து பிரித்து வைத்திருந்த வேலியும் அதுதான். மதியச் சத்துணவுதான் அன்றைய முதல் சாப்பாடு என்ற நிலையில் வருகிறவர்களும் உண்டு.

கொரோனா தொற்றால் மார்ச் நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 25-ல் நாடு தழுவிய ஊரடங்கு வந்தது. நூல் வரத்து நின்றது, தறிகள் நின்றன. இந்த ஊரில் இரவிலும் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது நின்ற பிறகு தூக்கமே வரவில்லை என்று பிள்ளைகள் பின்னாளில் சொன்னார்கள்.

முதல் மூன்று மாதம்: யாரை எண்ணினோம்

அந்த ஆண்டு 10-ஆம் வகுப்புப் பிள்ளைகளின் தவிப்பு தனி. மார்ச் 27-ல் தொடங்க வேண்டிய பொதுத்தேர்வு தள்ளிப்போனது. ஜூன் 1 என்றார்கள், பிறகு ஜூன் 15 என்றார்கள், கடைசியில் ஜூன் 9 அன்று ரத்து என்று அறிவிப்பு வந்தது. இரண்டரை மாதம் அந்தப் பிள்ளைகள் புத்தகத்தை மூடவும் முடியாமல் படிக்கவும் முடியாமல் இருந்தார்கள். "டீச்சர், பரீட்சை இருக்குதுங்களா, இல்லீங்களா?" இதே கேள்வியோடு தினமும் அழைப்பு வரும். எங்களிடம் பதில் இருக்காது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 விழுக்காடு, வருகைக்கு 20 விழுக்காடு என்று கணக்கிட்டுத் தேர்ச்சி கொடுத்தபோது, அரையாண்டு நேரத்தில் காய்ச்சலில் கிடந்த ஒரு பையன் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை என்று அவன் அம்மா சொன்னார்.

மற்ற வகுப்புகளுக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். நான் வகுப்பாசிரியையாக இருந்த 9-ஆம் வகுப்பில் 34 பேர். எல்லோரும் 10-க்குத் தேர்ச்சி பெற்றிருந்தார்கள். குழுவில் சேர்ந்தது 13 எண்கள். பயிற்சித்தாள் அனுப்புவோம், காணொளி அனுப்புவோம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்ப்போம், வாரக் கடைசியில் தலைமை ஆசிரியைக்கு எண்ணிக்கை கொடுப்போம். பதில் எழுதி அனுப்பியது எப்போதும் அதே ஆறேழு பேர்தான். குழுவில் இருந்தவர்களையே வகுப்பு என்று நாங்கள் பழகிவிட்டோம். மீதி 21 பேரைப் பற்றி எங்கள் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. நாங்கள் உழைக்காமல் இல்லை. பகலும் இரவும் தாள் தயாரித்தோம். அந்த உழைப்பெல்லாம், ஏற்கெனவே ஓரளவு நன்றாக இருந்த பிள்ளைகளிடமே போய்ச் சேர்ந்தது.

ஜூலை: வராதவர்களின் பட்டியல்

ஜூலையில் பாடப்புத்தகமும், சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பும் கொடுக்கத் தொடங்கினோம். பெற்றோர் வட்டத்துக்குள் நின்று, கையெழுத்துப் போட்டு, பையோடு திரும்பினார்கள். மூன்றாம் நாள் மாலை சத்துணவுச் சமையலர் அக்கா என்னிடம் வந்து, "டீச்சர், இன்னின்ன வீட்ல இருந்து யாருமே வரலீங்க. அரிசி வேண்டாம்னு இருக்கற வீடு இல்லீங்க அதெல்லாம்" என்று 11 பெயர்களைச் சொன்னார். யார் தட்டில் எவ்வளவு சோறு விழும், யார் இரண்டாம் முறை கேட்பார், யார் கேட்க வெட்கப்பட்டு நிற்பார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நாங்கள் மூன்று மாதமாகப் பார்க்காத ஒன்றை அவர் மூன்று நாளில் பார்த்துவிட்டார்.

அன்று இரவே தலைமை ஆசிரியையிடம் பேசினேன். மறுநாள் கூட்டத்தில் முதல் முடிவு எடுத்தோம்: இனி வந்தவர்களை எண்ணுவதில்லை, வராதவர்களை எண்ணுவது. பள்ளியின் எல்லாப் பிள்ளைகளையும் ஆளுக்கு 20, 22 பேர் என்று தலைமை ஆசிரியை உட்பட 10 பேரும் பிரித்துக்கொண்டோம். வகுப்பைப் பார்த்துப் பிரிக்காமல் தெருவைப் பார்த்துப் பிரித்தோம். அண்ணன், தங்கை ஒரே ஆசிரியரிடம் வந்தால் ஒரே அழைப்பில் வீட்டையே தெரிந்துகொள்ளலாம். அந்தப் பிரிப்பைச் செய்து கொடுத்தவரும் சமையலர் அக்காதான்.

ஒவ்வொரு பிள்ளையுடனும் வாரத்துக்கு ஒரு முறை பேச வேண்டும், குழுவில் செய்தி போடுவது கணக்கில் வராது. ஆன்ட்ராய்டு போன் இல்லாத வீட்டிலும் பட்டன் போன் இருந்தது. அது அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும் என்பதுதான் சிக்கல். தறிகள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்ததால், ஷிப்ட் மாறும் காலை 8 மணியையும் இரவு 8 மணியையும் ஒட்டி அழைத்தோம்.

என்ன கேட்பது, எதைக் கேட்கக் கூடாது

இதில்தான் எங்களுக்குள் அதிகம் விவாதம் நடந்தது. ஓர் ஆசிரியர், "நாம மனநல ஆலோசகர் இல்லையே. பிள்ளை ஏதாவது பெரிசா சொல்லிட்டா நாம என்ன செய்வோம்? கேட்டுட்டுக் கைவிட்டா இன்னும் மோசமில்லையா?" என்று கேட்டார். அது நியாயமான பயம். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் இஷ்டத்துக்குத் தோண்டியிருப்போம் என்று இன்றும் நினைக்கிறேன்.

பாடத்தைப் பற்றி முதலில் பேசுவதில்லை என்று முடிவானது. மூன்று விஷயம் கேட்போம்: வீட்டில் இப்போது யார் யார் இருக்கிறார்கள், இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், ராத்திரி எப்போது தூங்கினாய். சாதாரணமாக விசாரிக்கிற கேள்விகள்தான். ஆனால் தூங்கிய நேரத்தைக் கேட்டாலே, பிள்ளை இரவில் தறியில் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். பதிலைக் குறிப்பேட்டில் ஓரிரு சொல்லில் எழுதுவோம். பிள்ளை தானாகச் சொன்னால் கேட்போம், நாமாகக் கிளற மாட்டோம். அடி, பாலியல் தொல்லை, கல்யாணப் பேச்சு, உயிரை விட்டுவிடலாம் என்கிற பேச்சு இவற்றில் எது காதில் விழுந்தாலும் அன்றே தலைமை ஆசிரியைக்குச் சொல்ல வேண்டும். அவர் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைப்பார். பிள்ளை சொன்ன எதையும் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் எழுதக்கூடாது. இது ஊர்ப் பள்ளி. ஒரு செய்தி கைமாறினால் அரை மணியில் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

இன்னொரு சிக்கல், பிள்ளை பேசும்போது பக்கத்தில் பெரியவர் நிற்பார். ஒரே அறையுள்ள வீடு, எங்கே போய்ப் பேசும்? இதற்கு எங்கள் கணித ஆசிரியை ஒரு வழி சொன்னார். புத்தகம் வாங்க வந்தபோதும், தெருவில் பார்த்தபோதும் பிள்ளைகளிடம் சொல்லி வைத்தோம்: "ஏதாவது கஷ்டம் இருந்து, பக்கத்துல ஆள் இருந்து பேச முடியலைன்னா, நான் என்ன கேட்டாலும் 'சரிங்க டீச்சர்'னு மட்டும் சொல்லு. நான் புரிஞ்சுக்கறேன்."

வெள்ளிக்கிழமை மாலைகளில் நாங்கள் பத்துப் பேரும் போனில் ஒன்றாகச் சேர்வோம். முதலில் பிள்ளைகளைப் பற்றிப் பேசத்தான் அது. இரண்டு வாரத்தில், எங்களுக்காகவும் அது தேவை என்று தெரிந்தது. ஒரு நாளில் நாலைந்து வீட்டின் பசியைக் கேட்டுவிட்டு, அப்புறம் நம் வீட்டில் சோற்றைப் பிசைந்து உட்காருவது கடினம். ஒருவர் அழுதார், மற்றவர்கள் போனை வைக்காமல் இருந்தோம். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

முதல் மாதத்தில் கேட்டவை

பேசத் தொடங்கிய பிறகு கிடைத்த படம் நாங்கள் நினைத்ததைவிட வேறு. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வருகிறது, பார்க்கிறார்கள் என்று எண்ணியிருந்தோம். பல வீட்டில் டிவி இருந்தது. மாதப் பணம் கட்டாததால் கேபிள் இணைப்பு இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஏழெட்டு வீடுகளுக்குப் பேசி இணைப்பை மீட்டுக் கொடுத்தார். இரண்டு வீட்டுத் திண்ணைகளில் டிவியைத் தெருப் பக்கம் திருப்பி வைத்து, நான்கைந்து பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்து பார்த்தார்கள்.

நெருக்கமான செய்திகள் மெல்லத்தான் வந்தன. முதல் வாரம் எல்லோரும் "நல்லா இருக்கறேங்க" என்றார்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் பேச்சு மாறியது. இரவு 2 மணி வரை தார் போடுகிறேன் என்றான் 8-ஆம் வகுப்புப் பையன். பாட்டிக்கு மாத்திரை வாங்கவில்லை என்றாள் ஒரு பெண். ஒருத்தன் பாடத்தில் சந்தேகம் கேட்பது போல ஆரம்பித்து, கடைசியில், "டீச்சர், ஸ்கூல் இனிமே தொறக்கவே தொறக்காதுங்களா?" என்றான். அவனுக்கு வேண்டியது தேதி இல்லை. நாங்கள் இன்னும் இருக்கிறோமா என்பதுதான்.

ஆகஸ்ட்: ஒரு மாணவி

என் பட்டியலில் இருந்த ஒரு மாணவிக்கு 15 வயது, 10-ஆம் வகுப்பு. சமையலர் அக்கா சொன்ன 11 பெயரில் அவளுடையதும் ஒன்று. முதல் சில வாரம் நன்றாகவே பேசினாள். பகலில் தறிக்குப் போகிறேன், அப்பாவுக்குக் கையில் அடிபட்டிருக்கிறது, முன்பணம் கழிய வேண்டும் என்று மறைக்காமல் சொன்னாள். அறிவியல் புத்தகத்தில் முதல் பாடம் படித்துவிட்டதாகவும் சொன்னாள்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் அழைத்தேன். வீட்டில் யார் இருக்காங்க கண்ணு என்றேன். "சரிங்க டீச்சர்." சாப்பிட்டியா என்றேன். "சரிங்க டீச்சர்." எனக்குக் கை நடுங்கியது. நாளைக்கு வரட்டுமா என்றேன். "சரிங்க டீச்சர்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை தலைமை ஆசிரியை, சமையலர் அக்கா, நான் மூவரும் முகக்கவசத்தோடு போனோம். புத்தகமும் அரிசியும் கொடுக்க வந்தோம் என்று சொல்லித்தான் வாசலில் நின்றோம். அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தவர் அக்கா. ஆடி முடிந்ததும் ஆவணியில் சொந்தத்திலேயே கல்யாணம் என்று சாதாரணமாகச் சொன்னார் அந்த அம்மா. "அம்பது பேருக்கு மேல கூப்புடக் கூடாதுன்னு கவர்மெண்டே சொல்லுது. இப்ப முடிச்சாத்தானுங்க எங்களால முடியும். எல்லாம் சரியானா ஊரைக் கூப்பிடணும், எங்க போறது?"

நான் அதுவரை யோசித்திராத கோணம் அது. நோய்ப் பரவலைத் தடுக்கப் போட்ட விருந்தினர் வரம்பு, கடனில் இருந்த குடும்பத்துக்குச் செலவு குறைந்த கல்யாணமாகத் தெரிந்திருக்கிறது. அந்த அம்மா கொடுமைக்காரர் இல்லை. மகள் நாளெல்லாம் பட்டறையில் ஆண்களோடு நிற்கிறாளே என்ற பயமும் அவரிடம் இருந்தது. பள்ளி இருந்திருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது.

எங்களுக்கு முன் இரண்டு வழி இருந்தன. உடனே 1098-க்கு அழைப்பது ஒன்று. வீட்டாரிடம் பேசி மனம் மாற்றிவிடலாம் என்று காத்திருப்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் என் மனம் விரும்பியது. நம் பிள்ளை வீட்டுக்கு அதிகாரிகளை அனுப்புவதா என்று உறுத்தியது. தலைமை ஆசிரியை ஏற்கவில்லை. "நாம பேசிப் பார்க்கறோம்னு நாலு நாள் போனா, அவங்க வேற ஊர்ல வெச்சு முடிச்சிருவாங்க. பேசறதையும் பேசலாம், சொல்றதையும் சொல்லணும்" என்றார். அன்று மதியமே அழைத்துச் சொன்னார். அவர் செய்தது சரி.

மறுநாள் குழந்தைகள் நலப் பணியாளர்கள் வந்தார்கள். 18 வயதுக்கு முன் திருமணம் செய்தால் செய்து வைத்தவர்களுக்கும் தண்டனை உண்டு என்பதை விளக்கி, பெற்றோரிடம் எழுதி வாங்கினார்கள். அத்தோடு விட்டிருந்தால் பிள்ளை அதே பட்டறைக்குத்தான் திரும்பியிருப்பாள். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரே தறி வைத்திருப்பவர். அவர் அந்தப் பட்டறை முதலாளியிடம் பேசி, வாரக் கூலியில் முன்பணத்துக்குப் பிடிக்கிற தொகையை ஆறு மாதத்துக்குக் குறைக்க வைத்தார். அப்பாவின் கை தேறும்வரை பகல் ஷிப்ட்டுக்கு அம்மா போவது, மகள் போக வேண்டாம் என்று முடிவானது. இரண்டு மாதத்துக்கு மளிகைச் சாமானை ஆசிரியர்கள் நாங்கள் பங்கிட்டு வாங்கிக் கொடுத்தோம். அந்த அப்பா என்னிடம் ஒரு வருடம் பேசவில்லை. தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பக்கத்தில் நின்று பார்த்தால் நாங்கள் செய்தது அவமானம்தான்.

2021 ஜனவரி: மறுபடி வகுப்பறை

ஜனவரி 19-ல் 10-ஆம் வகுப்புக்குப் பள்ளி திறந்தது. அறைக்கு 25 பேர் என்ற வரம்பு, வாசலில் வெப்பமானி, வைட்டமின் மாத்திரை. அந்த மாணவி முதல் நாளே வந்தாள். 34 பேரில் 31 பேர் வந்தார்கள். மீதி மூவரில் இருவரை ஒரு வாரத்தில் அழைத்து வந்தோம். மூன்றாமவன் வேறு ஊரில் மெக்கானிக் கடையில் இருந்தான், அவன் வரவில்லை.

பாடத்திட்டம் குறைக்கப்பட்டிருந்தாலும் நேரம் நெருக்கியது. ஆனாலும் முதல் மூன்று நாள் தேர்வு, வீட்டுப்பாடம் எதுவும் வேண்டாம் என்றார் தலைமை ஆசிரியை. சரியான முடிவு. பிள்ளைகள் 11 மணிக்கே கண்சொருகினார்கள். எழுதும்போது கை வலிக்கிறது என்றார்கள். பேசச் சொன்னால் பேச்சு வரவில்லை. ஒருவன் வேலையில் வாங்கிய காசில் சட்டை எடுத்திருந்தான். பெஞ்சில் உட்காருவதே அவனுக்கு அந்நியமாக இருந்தது. அவர்களை மதிய உணவுக்குப் பின் மரத்தடியில் உட்கார வைத்தோம். ஊரடங்கில் கற்றுக்கொண்ட ஒன்றை ஒவ்வொருவரும் சொன்னார்கள். தறியில் அறுந்த பாவு நூலைப் பிணைப்பது எப்படி என்று அந்தப் பையன் சொல்லிக் காட்டியபோதுதான் மற்றவர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தவறிப்போனது

பிப்ரவரி 8-ல் 9-ஆம் வகுப்பு திறந்தபோது ஒரு பெண் வரவில்லை. அவள் குடும்பம் 2020 மே மாதமே தறியை விட்டுச் சொந்த ஊருக்குப் போயிருந்தது. ஜூலையில் அழைத்தபோது எண் அணைக்கப்பட்டிருந்தது. குறிப்பேட்டில் அவள் பெயருக்கு நேராக 'சொந்த ஊர்' என்று எழுதினோம். அடுத்த வாரமும் அதையே எழுதினோம். ஏழு மாதமும் அதுவே எழுதப்பட்டது. எங்கள் மனதில் அது ஒரு பதிலாகிவிட்டது.

அவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று பிப்ரவரி கடைசியில் அவள் தோழி சொன்னாள். 1098-க்கும் மாவட்டத்துக்கும் தெரிவித்தோம், அந்த ஊரில் விசாரித்தார்கள். அவள் பள்ளிக்குத் திரும்பவில்லை. வயது 15 நிறைந்திருக்கவில்லை.

தெரிந்துகொள்ள வழி இருந்தது. ஒரு பிள்ளையை வேறு அரசுப் பள்ளியில் சேர்த்தால், எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்தில் அந்தப் பள்ளி எங்களிடமிருந்து அவள் பதிவைக் கேட்டிருக்கும். கேட்கவில்லை என்றால் எங்கும் சேரவில்லை என்று பொருள். ஆகஸ்ட்டிலேயே அதைப் பார்த்திருக்கலாம். நாங்கள் தினமும் திறக்கிற தளம்தான் அது. எண் கிடைக்கிற பிள்ளைகளின் கவலையே கை நிறைய இருந்ததால், கிடைக்காதவர்களை மறுபடி பட்டியலுக்கு வெளியே விட்டுவிட்டோம். வாட்ஸ்அப் குழுவில் செய்த அதே தவறு.

இரண்டாம் அலையும் மாற்றங்களும்

2021 மே மாதம் முழு ஊரடங்கு திரும்பியது. இந்த முறை சாவும் வந்தது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் ஒருவனின் அப்பா இறந்தார். எங்களில் இருவர் மருத்துவமனையில் இருந்தார்கள். அழைப்புகளை மற்ற எட்டுப் பேர் பிரித்துக்கொண்டோம். தந்தையையோ தாயையோ தொற்றில் இழந்த பிள்ளைகளுக்கு 3 லட்சம் ரூபாய் என்று மே கடைசியில் அரசு அறிவித்தபோது, அந்தப் பையனின் அம்மாவுக்குச் சான்றிதழ்களை வாங்கவும் விண்ணப்பிக்கவும் ஓர் ஆசிரியர் முழுநேரமாக உடன் நின்றார். துக்கத்தில் இருப்பவரைத் தனியாக அலுவலகம் அலைய விடக்கூடாது என்பதை முன்னாடியே முடிவு செய்திருந்தோம்.

நடைமுறையில் மாற்றியது இரண்டு. சமையலர் அக்காவும் தூய்மைப் பணியாளரும் இப்போது வெள்ளிக்கிழமைப் பேச்சில் எங்களோடு சேர்கிறார்கள். முதல் ஊரடங்கில் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோமே தவிர அவரை உட்கார வைத்துப் பேசவில்லை. வீட்டு நிலவரம் தெரிந்தவரைக் கூட்டத்துக்கு வெளியே வைத்திருந்தது எங்கள் பிழை.

அடுத்தது, 'சொந்த ஊர்' என்று எழுதினால் அதற்குப் பக்கத்தில் அந்த ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியர் எண்ணும் எழுத வேண்டும். எண் எழுதப்படும்வரை அந்தப் பெயர் முடிந்ததாகக் கணக்கில் வராது. 2021 மே, ஜூனில் ஐந்து குடும்பங்கள் ஊருக்குப் போயின. நான்கு பிள்ளைகளை அந்தந்த ஊர்ப் பள்ளிகளே போய்ப் பார்த்துச் சொன்னார்கள். ஐந்தாவது குடும்பத்தைக் கண்டுபிடிக்க ஆறு வாரம் ஆனது. சமையலர் அக்காவின் சொந்தக்காரர் ஒருவர் அந்தப் பக்கம் பால் ஊற்றுகிறவர், அவர் மூலம் ஜூலை முதல் வாரத்தில் எண் கிடைத்தது. 7-ஆம் வகுப்புப் பையன். அழைத்ததும் அவனே எடுத்தான். யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். ஆட்டுக்குட்டி வாங்கியிருக்கிறார்கள், அதற்கு நொண்டிக்கால் என்று பத்து நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.